பைபர் வள்ளத்தின் டிரான்சம் பலகையில் நீர்க்கசிவு: வெளியே சீலன்ட் பூசினால் போதுமா?

கேள்வி (குளச்சல்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் பைபர் வள்ளத்தில், அமரத்தில் (பின்பக்கத்தில்) இன்ஜின் மாட்டும் டிரான்சம் பலகையை ஒட்டிச் சில காலமாகத் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இன்ஜின் 9.9 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு. வள்ளத்தைக் கரையேற்றி, உள்ளே இருந்த நீரை முழுவதும் இறைத்துத் துடைத்த பிறகும், வடிகால் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் நீர் துளித்துளியாக வருகிறது. இன்ஜின் அமரும் வெட்டின் இரு மூலைகளிலும் மயிரிழை போன்ற விரிசல்கள் தெரிகின்றன. கீழ்ப் போல்ட்டுகளின் நட்டை இறுக்கினால், சில நாள்களில் அது மீண்டும் தளர்ந்து, மேலும் இறுக இடம் கொடுக்கிறது. கடையில் கேட்டபோது, விரிசலிலும் போல்ட்டைச் சுற்றியும் சிலிக்கான் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) பூசினால் போதும் என்றார்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்குள் சரிசெய்ய விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் (தேங்காய்ப்பட்டணம், பைபர் வேலை செய்பவர்)

தம்பி, தயவுசெய்து இப்போது எதையும் பூச வேண்டாம். தாங்கள் எழுதியவற்றில் எனக்குக் கவலை தருபவை விரிசல்கள் அல்ல. பழுப்பு நிற நீரும், இறுக்க இறுக்க உள்வாங்கும் நட்டும்தான். டிரான்சம் என்பது ஒரே கட்டியான பைபர் அன்று. வெளியே ஒரு பைபர் அடுக்கு, உள்ளே ஒரு பைபர் அடுக்கு, நடுவில் பிளைவுட் என்ற அமைப்பு. கடல்நீர் மட்டும் கசிந்தால் அது தெளிவாக வரும். பழுப்பாக வருகிறதென்றால், அந்த நீர் பிளைவுட்டுக்குள் நெடுநாள் தங்கி, மரத்தின் சாற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்றே பொருள். வாஷர் உள்ளே புதைவது, அதன் பின்னால் இருக்கும் மரம் மெத்தென்று ஆகிவிட்டதைக் காட்டுகிறது. இந்த நிலையில் வெளிப்புறத்தை அடைத்தால் நீர் வெளியேறும் வழிதான் அடைபடும். மரம் உள்ளேயே அழுகும்.

இன்னொன்றையும் நம்மில் பலர் கவனிப்பதில்லை. மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைக்கு உப்புநீரை விட மழைநீரே ஏற்றது. நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை உண்டு. மூடாமல் கரையில் கிடக்கும் வள்ளத்தின் அமரத்தில் தேங்கும் மழைநீர், கடலில் ஏறும் நீரை விட அதிகக் கேடு செய்யக்கூடும்.

முதலில் நீர் எங்கே நுழைகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். இன்ஜினைக் கழற்றி, வள்ளத்தின் அடிப்பகுதிக்கு நன்றாக முட்டுக்கொடுத்து, அமரப் பகுதியில் மட்டும் நீர் நிற்குமாறு மண்மூட்டைகளால் தடுத்து, கீழ்ப் போல்ட்டுகள் மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றுங்கள். முழு வள்ளத்தையும் நிரப்ப வேண்டாம்; ஒரு கன மீட்டர் நீர் 1000 கிலோ எடை கொண்டது, கரையில் இருக்கும் வள்ளம் அந்தப் பாரத்தைத் தாங்குமாறு செய்யப்பட்டதன்று. வெளிப்புறத்தை உலரத் துடைத்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவி வையுங்கள். ஈரம் எந்த இடத்தில் முதலில் தெரிகிறதோ அதுவே தேட வேண்டிய இடம். வடிகால் துளை, போல்ட் துளைகள், மீன் தேடும் கருவியின் உணரியைத் திருகிய துளைகள் ஆகியவற்றையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

பிறகு, சுத்தியலின் கைப்பிடியால் பலகை முழுவதையும் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்றும், மரம் கெட்ட இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். மந்தமான இடங்களைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடிட்டு, உட்புறத்திலிருந்து 4 மில்லிமீட்டர் பிட்டால் சிறு துளைகள் போடுங்கள். வெளி அடுக்கை எட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். நீர் கீழே இறங்கித் தங்குமாகையால் அடியிலிருந்து தொடங்குவது நல்லது. வரும் மரத்தூள் வெளிர்நிறமாக, உலர்ந்து இருந்தால் மரம் நலமாக இருக்கிறது. கறுத்து, ஈரமாக, புளித்த வாடையுடன் வந்தால் அந்த இடம் கெட்டுவிட்டது.

பதில் (முட்டம்)

மேலே சொன்னவற்றுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். இன்ஜினைக் கழற்றுவதற்கு முன், அதைச் சற்றுச் சாய்த்து, அதன் காலைப் பிடித்து ஒருவர் மேலும் கீழும் அழுத்த, இன்னொருவர் டிரான்சத்தின் மேல்விளிம்பைக் கவனிக்கட்டும். பலகை கண்ணுக்குத் தெரியும்படி வளைந்தால், பழுது முடியும் வரை அந்த வள்ளத்தைக் கடலில் இறக்கக் கூடாது. அலையை வெட்டிக்கொண்டு போகும்போது இன்ஜினின் எடையும் உந்துவிசையும் அந்தப் பலகையின் மீதே விழுகின்றன.

கேட்டவர் (குளச்சல்)

மிக்க நன்றி, அண்ணன்மாரே. சொன்னபடி எல்லாம் செய்து பார்த்தேன். வடிகால் துளையின் கீழ்ப்பக்கத்தில்தான் முதலில் ஈரம் தெரிந்தது. மேல்பாதி கணீரென்று ஒலிக்கிறது, தூளும் உலர்ந்தே வந்தது. வடிகால் துளையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கும், அங்கிருந்து வலப்புறக் கீழ்ப் போல்ட் வரையிலும் தூள் கறுப்பாக வருகிறது. பலகையில் வளைவு சிறிதளவு தெரிகிறது. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி மாற்றினால் செலவு குறையும் என்று நினைக்கிறேன். பைபரை ஒட்டி இறுக்கும் ரெசின்களில் எபாக்சியின் விலை அதிகமாக இருப்பதால் சாதாரண பாலியெஸ்டர் ரெசினே போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் (தேங்காய்ப்பட்டணம்)

அழுகல் வடிகால் துளையோடு நின்றிருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம் என்றே சொல்லியிருப்பேன். இன்ஜினைத் தாங்கும் போல்ட்டை அது எட்டிவிட்டது, பலகையும் வளைகிறது; ஆகவே நடு மரம் முழுவதையும் மாற்றுங்கள். பாரம் தாங்கும் இடத்தில் பழைய மரமும் புதிய மரமும் சேரும் இணைப்பு இருப்பதை நான் ஏற்கமாட்டேன். செலவு கூடும் என்பது தெரிந்தே இதைச் சொல்கிறேன்.

வேலையை உட்புறத்திலிருந்து செய்யுங்கள். வெளி அடுக்கு அப்படியே இருந்தால் வள்ளத்தின் வடிவம் மாறாது. விளிம்பில் சில அங்குலம் விட்டு உள் அடுக்கை வெட்டியெடுத்து, மரத்தை உளியால் முழுவதும் நீக்கி, வெளி அடுக்கின் உட்பரப்பைக் கிரைண்டரால் தேய்த்து நன்றாக உலர விடுங்கள். பைபர் தூசு நுரையீரலுக்குக் கேடு, ஆகவே முகக்கவசம் இல்லாமல் தேய்க்கக் கூடாது. புதிய மரத்துக்கு ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். பழைய பலகையின் தடிமனை அளந்து, அதே தடிமன் வருமாறு ஒட்டிச் சேர்க்க வேண்டும். பொருத்துவதற்கு முன் அதன் ஓரங்களுக்கு ரெசின் உறிஞ்சி நிற்கும் வரை பூசுங்கள், ஏனெனில் பிளைவுட் ஓரத்தின் வழியாகத்தான் அதிகம் நீர் குடிக்கிறது. புதிய பைபரைப் பழைய பைபருடன் சேர்க்கும் இடத்தில், பழையதன் தடிமனைப் போல் ஏறக்குறைய 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ரெசினைப் பொறுத்தவரை, காய்ந்துபோன பழைய பைபரின் மீது பாலியெஸ்டரை விட எபாக்சியே உறுதியாகப் பிடிக்கும். முழுவதற்கும் வாங்க இயலாவிட்டால், மரத்தை ஒட்டுவதற்கும் துளைகளை அடைப்பதற்குமாவது அதை வாங்குங்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரண மேட்டின் (நெய்யாமல் வெட்டிய இழைகளைப் பரப்பிய பைபர் விரிப்பின்) இழைகளைப் பிணைக்கும் பசை பாலியெஸ்டரில் கரையுமாறு செய்யப்பட்டது. எபாக்சியில் அது சரியாகக் கரைவதில்லை. எனவே எபாக்சி பயன்படுத்தும் இடத்தில் நெய்த பைபர் துணியை இடுங்கள். பாலியெஸ்டர் பயன்படுத்தினால், கோபால்ட்டையும் (இறுகுவதை விரைவுபடுத்தும் திரவம்) ஹார்டனரையும் (ரெசினை இறுகச் செய்யும் திரவம்) ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகுதான் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும்.

துளைகள்தாம் மிக முக்கியம். ஒவ்வொரு போல்ட் துளையையும் தேவையை விடப் பெரிதாகத் துளைத்து, கெட்டிப்படுத்திய எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்சிதான் இருக்கும். சீலன்ட் பின்னாளில் விட்டுக்கொடுத்தாலும் நீர் மரத்தைத் தொடாது. வடிகால் துளைக்கும் இதையே செய்யுங்கள். போல்ட் 316 தரத் துருப்பிடிக்கா எஃகாகவும், பூசுவது நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படும் பாலியூரித்தேன் சீலன்ட்டாகவும் இருக்கட்டும். சிலிக்கான் வேண்டாம், அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு ரெசினோ பெயின்ட்டோ பிடிப்பது கடினம்.

கேட்டவர் (குளச்சல்)

முழுவதையும் மாற்றுவதென்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். மழை தொடங்கினால் உலர்வது எப்படி என்பது மட்டும் ஐயமாக உள்ளது.

பதில் (முட்டம்)

திறந்த கரையில் தொடங்காதீர்கள். கூரையுள்ள இடத்துக்கு வள்ளத்தை மாற்றி, மரம் நீக்கிய பரப்பின் மீது தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மின்விசிறியை ஓடவிட்டு, தாள் வியர்க்காத நாள்வரை காத்திருந்து, பிறகு ரெசினைத் திறங்கள்.