வாடகை நின்றுபோனால் முதல் ஃபோன் 211-க்கு

தம்பி, அமெரிக்காவில் வேலை போய் வாடகை கட்ட முடியாமல் இருப்பதை தேவகோட்டையில் இருக்கும் அப்பச்சியிடம் (அப்பாவிடம்) சொல்ல மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 2009-இல் நானும் இதே நிலையில் இருந்தேன். அமெரிக்கா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இரண்டு மாத வாடகை நின்றுவிட்டது. காரைக்குடிக்குப் பேசும்போதெல்லாம் ‘நல்லா இருக்கோம்’ என்பேன். முதல் மாதமே யாரிடமாவது கேட்டிருந்தால் வீட்டுக்காரர் நோட்டீஸ் ஒட்டும் வரை போயிருக்காது.

211-க்கு இன்றே ஃபோன் செய்யுங்கள். எங்கே உதவி கிடைக்கும் என்று வழிகாட்டும் ஃபோன் எண் அது. 1997-இல் அட்லாண்டாவில் யுனைடெட் வே என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய சேவை, இப்போது பெரும்பாலான ஊர்களில் கிடைக்கிறது. அவர்கள் பணம் தருவதில்லை. ஜிப் கோடு கேட்டுவிட்டு, உங்கள் பகுதியில் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் உதவுபவர்கள் யார், அவசரத்துக்குத் தங்க இடம் எங்கே என்று சொல்வார்கள். சால்வேஷன் ஆர்மி, செயின்ட் வின்சென்ட் டி பால் இரண்டும் கிறிஸ்தவ அமைப்புகள்தான், ஆனால் மதம் பார்த்து உதவுவதில்லை. தயங்காமல் போங்கள்.

வாடகை ஒப்பந்தம், நோட்டீஸ், கடைசி சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நான்கையும் ஒரே உறையில் வையுங்கள். பணம் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது. எனக்கு உதவிய தேவாலயம் ஒரு மாத வாடகையை நேராக வீட்டுக்காரருக்கே செக்காக அனுப்பியது. அந்த ஒரு மாதத்தில் எனக்கு வேலை கிடைத்தது.

பெரும்பாலான மாநிலங்களில் கோர்ட் போகாமல் வீட்டுக்காரர் பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற முடியாது. கோர்ட் கடிதம் வந்தால் அந்தத் தேதியை மட்டும் தவற விடாதீர்கள், இலவச சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள்.

அப்புறம் விசா. எச்-1பி என்ற வேலை விசா என்றால் வேலை போன பிறகு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம், அதனால் குடியேற்ற வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். அரசு உதவித்தொகை எதற்கும் அவரைக் கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம். தொண்டு அமைப்பின் உணவு வங்கி தரும் அரிசி, பருப்புக்கு விசா பாதிக்குமோ என்ற பயம் தேவையில்லை.

கையேந்துவது போல் இருக்கிறது என்கிறீர்கள். நம் செட்டிநாட்டு ஐயாக்கள் (தாத்தாக்கள்) கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் பலர் சேர்ந்து இருந்த கிட்டங்கியில் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பெட்டியடி (பெட்டி வைத்து உட்காரும் இடம்) போட்டு, அங்கேயே படுத்து எழுந்துதான் தொழில் செய்தார்கள். தனி வீடு எடுத்து யாரும் ஆரம்பிக்கவில்லை.

211-இல் பேசிவிட்டு, என்ன சொன்னார்கள் என்று நாளைக் காலை இங்கே எழுதுங்கள். அப்பச்சியிடமும் சொல்லிவிடுங்கள் தம்பி.