பாடன் பவல் எல்பி: இரண்டாம் பக்கத்தில் மட்டும் ஸ்வரம் அலைகிறது

பிரேசில் கிட்டார் கலைஞர் பாடன் பவல் 1966இல் ரியோ டி ஜெனிரோவில் பதிவுசெய்த கிட்டார் எல்பி (இசைத்தட்டு), மறு அச்சு. முதல் பக்கம் சுத்தம். இரண்டாம் பக்கத்தில் நைலான் தந்தியின் நீண்ட ஸ்வரங்கள் 1.8 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்று சுற்றும் அதே நேரம். வேகமான சம்பா (பிரேசில் தாளம்) மீட்டலில் தெரியாது. ஜாஸ் பாணியில் கார்டை (பல ஸ்வரங்களின் சேர்க்கையை) நீட்டும் இடங்களில் காது கூசுகிறது.

டர்ன்டேபிள் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. வேகத்தைக் காட்டும் ஸ்ட்ரோப் புள்ளிகள் அசையவில்லை, மற்ற தட்டுகள் சரியாகவே ஓடுகின்றன. ஊசியை மாற்றியாயிற்று, ஊசி எடையும் பார்த்தாயிற்று. தட்டு நெளியவும் இல்லை. ஆனால் ஊசியைத் தாங்கும் டோன் ஆர்ம் பக்கவாட்டில் மொத்தம் 1 மி.மீ. ஆடுகிறது, அதாவது தட்டின் நடுத்துளை இந்தப் பக்கத்துப் பள்ளங்களின் மையத்திலிருந்து 0.5 மி.மீ. விலகல். 70 மி.மீ. ஆரத்தில் இது ±12 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). ஸ்வரத்தை அளக்கும் ட்யூனரும் ஏறக்குறைய அதையே காட்டுகிறது. வெளி ஓரத்தில் இதில் பாதிதான்.

மென்பொருளில் திருத்தினால் தனி ஸ்வரம் நேராகிறது, பாஸும் கார்டும் சேரும் இடத்தில் ஒலி குழைந்துபோகிறது. அது தீர்வே அல்ல.

துளையின் விட்டத்தை 1 மி.மீ. அகட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் கையால் மையம் பார்த்து வைக்கலாம் என்றிருக்கிறேன். லேபிள் கிழியாமல் அகட்ட எந்தக் கருவி சரிப்படும்?