ட்ரிப்யூட் குழு அசலை அப்படியே வாசிக்க வேண்டுமா?

நிலவொளி72:
போன சனிக்கிழமை ஒரு ட்ரிப்யூட் குழு (வேறொரு குழுவின் பாடல்களை மேடையில் மீண்டும் வாசிக்கும் குழு) ஜெனசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஆரம்பகாலப் பாடல்களை வாசித்தது. அதற்குப் பிறகு வேறு எதையும் கேட்கப் பிடிக்கவில்லை. 1972-இல் வந்த அவர்களின் 'ஃபாக்ஸ்ட்ராட்' இசைத்தட்டை எனக்கு அறிமுகப்படுத்தியது என் அக்கா. பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-இலேயே குழுவைவிட்டு விலகிவிட்டார். அந்த ஐந்து பேரை ஒரே மேடையில் பார்க்க நான் மிகவும் பிந்திப் பிறந்தவள்.

அந்த இசைத்தட்டின் 'சப்பர்ஸ் ரெடி' பாடல் கிட்டத்தட்ட 23 நிமிடம். எனக்கு நேர் எதிரே பேஸ் வாசிப்பவர். பாடல் தொடங்கும் முன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு சாக்ஸ் அணிந்த காலால் பேஸ் பெடல்களை (தாழ்ந்த ஸ்வரங்களைத் தரும் கால்கட்டைகளை) மிதித்துக்கொண்டே கையில் கிட்டார் வாசித்தார். ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் வரும் அந்தப் பகுதி உங்களுக்குத் தெரியும்: கீழே தாளம் விடாப்பிடியாக நிற்க, மேலே ஆர்கன் தன்போக்கில் ஓடும். இத்தனை வருடமும் எண்ணத் தொடங்கினாலே தவறவிட்டுவிடுவேன். அன்று அவருடைய பெருவிரலைப் பார்த்தபடி எண்ணினேன். கடைசிவரை தவறவில்லை. கண் கலங்கிவிட்டது.

உடன் வந்த தோழி, "ஒரு ஸ்வரம்கூட மாறவில்லையே, இதற்கு இசைத்தட்டே போதுமே" என்றாள். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இன்னொரு சந்தேகம். கீபோர்டு வாசித்தவர் மெலட்ரான் என்ற பழைய கீபோர்டின் ஒலி வரும் இடங்களில் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) தொடர்ந்து அழுத்தாமல், விரலை எடுத்து எடுத்து மீண்டும் வைத்தார். ஏன்?

பழையநாடா:
இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. மெலட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா இருக்கிறது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால்தான் நாடா பின்னால் திரும்பும். இன்றைய டிஜிட்டல் வடிவங்கள் பலவற்றிலும் அந்த எட்டு நொடி எல்லையை அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்தக் கால இசை அந்த எல்லைக்குள் எழுதப்பட்டது. அவர் விரலை எடுத்தார் என்றால் பாடலை உள்ளபடி கற்றிருக்கிறார் என்று அர்த்தம்.

முதல் கேள்விக்கு: ஜெனசிஸின் 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' இசைத்தட்டுக்கான சுற்றுப்பயணத்தின் முழு நிகழ்ச்சியும் படமாக்கப்படவில்லை. மூன்று திரை, ஸ்லைடுகள், வேஷங்கள் எல்லாவற்றையும் கனடாவின் 'தி மியூசிக்கல் பாக்ஸ்' என்ற ட்ரிப்யூட் குழு மீட்டெடுத்து மேடையேற்றியது. அவர்கள் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தால் நம்மைப் போன்றவர்கள் அதை எங்கே போய்ப் பார்ப்பது?

குறுக்குக்குச்சி:
நான் டிரம்ஸ் வாசிப்பவன். பாதிதான் ஒப்புக்கொள்வேன். எழுதி வைத்து வாசித்த ஜெனசிஸுக்கு அது பொருந்தும். கிங் கிரிம்சன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ராக் குழுவுக்குப் பொருந்தாது. அவர்களின் 'ட்ரையோ' 1973-இல் ஆம்ஸ்டர்டாம் கச்சேரியில் அந்த நேரத்தில் பிறந்த இசை. அவர்களின் டிரம்ஸ்காரர் பில் புரூஃபோர்ட் குச்சிகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு கடைசிவரை ஓர் அடிகூட அடிக்கவில்லை. அந்த அடக்கத்துக்காகவே இசையமைத்தவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. ஒரு ட்ரிப்யூட் குழு அதை ஸ்வரம் ஸ்வரமாக வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். டிரம்ஸ்காரரும் குச்சிகளைக் குறுக்கே வைத்து உட்கார்ந்திருந்தார். ஆனால் புரூஃபோர்ட் அடிப்பாரா மாட்டாரா என்று அன்று யாருக்கும் தெரியாது. இவர் அடிக்க மாட்டார் என்று அரங்கம் முழுவதுக்கும் தெரியும். அங்கே எனக்கு ஏமாற்றம்தான்.

நிலவொளி72:
எட்டு நொடி விஷயம் தெரிந்ததும் 'ஃபாக்ஸ்ட்ராட்'டில் மெலட்ரானோடு தொடங்கும் 'வாட்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' பாடலின் தொடக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். விரல் எழும் இடங்களைத் தேடித் தேடிக் கேட்கிறேன்.

குறுக்குக்குச்சி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தச் சாக்ஸ் கால் அடுத்து எங்கே விழும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த முறை அக்காவையும் அழைத்துப் போகிறேன். அதே பக்கத்தில், அவர் கால் தெரியும் இடத்தில் உட்கார்வோம்.