விஆர் ஹெட்செட்டில் வலது லென்ஸ் நகரவில்லை
வணக்கம். கிருஷ்ணகிரியில் வீட்டு வரைபடங்களை முப்பரிமாணத்தில் காட்டுவதற்காக 2022இல் வாங்கிய விஆர் ஹெட்செட்டில் (கண்களில் அணியும் மெய்நிகர் காட்சிக் கருவி), லென்ஸ்களின் இடைவெளியை மாற்றும் அமைப்பு மூன்று வாரங்களாகப் பழுதாகியுள்ளது. கணினியுடன் கம்பியால் இணைக்கும் வகை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது.

அடியிலுள்ள சக்கரத்தைத் திருகினால், நடுவிலுள்ள சிறு பற்சக்கரம் இரண்டு பற்சட்டங்களை (பற்கள் வெட்டிய நேரான சட்டங்கள்) எதிரெதிர்த் திசையில் தள்ளி, இரு லென்ஸ்களையும் சம அளவில் விலக்க வேண்டும். இப்போது 63 மி.மீ. தாண்டியதும் 'கடக்' என்ற ஒலியுடன் வலது லென்ஸ் நின்றுவிட, இடது மட்டும் நகர்கிறது. திரையில் எண் என்னவோ 66 என்றே காட்டுகிறது! கண்ணாடிக் கடையில் அளந்தபோது என் கண்மணிகளின் இடைவெளியும் 66தான். பத்து நிமிடம் அணிந்தாலே காட்சி இரட்டையாகித் தலை வலிக்கிறது.

காற்றடித்துத் தூசு நீக்கியும் பலனில்லை. துருநீக்கி எண்ணெய் தெளிக்கச் சிலர் சொன்னார்கள். பிளாஸ்டிக்கும் லென்ஸ் பூச்சும் கெடும் என்று தவிர்த்தேன். ஓசூரில் கைப்பேசி பழுதுபார்ப்பவர், திரையின் ரிப்பன் கேபிள் அறுந்துவிடும் என்று திறக்க மறுத்துவிட்டார். முகப்பஞ்சைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்ததில், வலப்பக்கப் பற்சட்டத்தில் இரண்டு பற்கள் மழுங்கி, ஓரத்தில் வெள்ளைத் துகள் படிந்திருந்தது.

லென்ஸ் தொகுதி முழுவதையும் மாற்றாமல், நைலானில் 3டி அச்சிட்ட பற்சட்டத்தை மட்டும் பொருத்தினால் இரு லென்ஸ்களும் மீண்டும் சமமாக நகருமா?