பதிவான பாட்டுக்கு அந்தரத்தில் ஆடுபவர்கள் எப்படித் தாளம் தப்பாமல் இருக்கிறார்கள்?

கேள்வி: மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்

2019இல் மகள் வீட்டுக்கு அமெரிக்கா சென்றிருந்தபோது, லாஸ் வேகாஸ் மிராஜ் விடுதியில் சர்க் து சொலே என்ற கனடா நாட்டு வித்தைக் குழுவினர், பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் பாடல்களைக் கொண்டு நடத்திவந்த ‘லவ்’ நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு பார்த்தோம். 2006இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சி 2024 ஜூலையோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், மீண்டும் பார்த்துத் தெளிய வழியில்லாமல் இங்கே கேட்கிறேன்.

நம் ஊர்க் கழைக்கூத்தில், கயிற்றின் மேல் நடக்கும் பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டேதான் கீழே இருப்பவர் மேளம் அடிப்பார். பிள்ளை தயங்கினால் அடியும் தயங்கும். அங்கே ஒலித்தவையோ 1960களில் பதிவான குரல்கள். அவை யாருக்காகவும் நிற்கப்போவதில்லை. அப்படியிருந்தும், எங்கள் தலைக்கு மேலே கயிற்றில் சுழன்ற பெண், பாட்டின் அடி முடிகிற அதே நொடியில், நீட்டிய பாதம் சிறிதும் நடுங்காமல் வந்து நின்றாள். அவர்கள் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஆடுகிறார்களா? அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பதில் 1: தங்கச்சிமடம், இயற்பியல் ஆசிரியர்

ஐயா, எண்ணுவதும் உண்டு. ஆனால் பாதி வேலையைக் கயிறே செய்துவிடுகிறது. ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது தொங்குபவரின் எடை அன்று, தொங்கும் நீளம். ஆட்டம் மிகப் பெரிதாக இல்லாதவரை, 1 மீட்டர் நீளமென்றால் ஏறத்தாழ 2 நொடி, 4 மீட்டரென்றால் 4 நொடி. நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில் 4 நொடிக்கு 8 அடிகள். ஆகவே பாட்டின் வேகத்துக்கு ஏற்ப நீளத்தை முன்கூட்டியே அமைத்துக்கொண்டால், ஊசல் தானாகவே தாளத்தில் வந்து சேரும். ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்திலிருந்து விழ 1 நொடி ஆகும் என்பதால், குதிப்பவர்களும் உயரத்தைக் கொண்டே அடியைப் பிடிக்கிறார்கள்.

மீதியைச் சரிசெய்வது உடல். சுழலும்போது கைகளை மார்போடு சேர்த்தால் வேகம் கூடும், விரித்தால் குறையும். நீங்கள் பார்த்த பெண் பாதத்தை நீட்டி நின்றதற்கு முந்தைய அரை நொடியில் தன் கைகளை என்ன செய்தாள் என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை. பார்ப்பவர் கண்ணில் அது படாமல் இருப்பதற்கே அத்தனை ஆண்டுப் பயிற்சியும்.

பதில் 2: கீழக்கரை, துபாயில் மேடை ஒலிப்பணி

ஆசிரியர் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். திருவிழாவில் மேடைக்குத் தொலைவில் நின்று பார்த்தால், பறையின் மேல் குச்சி விழுந்த பிறகே ஓசை வந்து சேர்வதைக் கவனித்திருப்பீர்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். 34 மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு நொடி தாமதமாகிவிடும். அந்தத் தாமதத்தில், ஆடுபவர் சரியாகவே ஆடினாலும் பார்ப்பவருக்குத் தாளம் தப்பியதாகத் தோன்றும்.

‘லவ்’ நடந்த அரங்கம் மேடையைச் சுற்றி வட்டமாக 2,013 இருக்கைகள் கொண்டிருந்தது. ஒவ்வோர் இருக்கையிலும் ஒலிபெருக்கிகள் இருந்தன. ஒரு சோடி தலை சாய்க்கும் இடத்திலேயே. மொத்தம் 6,000க்கும் மேல். இவ்வாறு ஒலி காதருகிலேயே பிறப்பதாலும், ஒவ்வொரு பகுதிக்கும் தாமதத்தைத் தனித்தனியே கணக்கிட்டு அமைக்க முடிவதாலும், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கண்ணும் காதும் ஒன்றுபடும். உங்களுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததில் ஒலிப்பொறியாளர்களுக்கும் பங்குண்டு. எங்கள் தொழிலில் இருப்பவர்களை யாரும் நினைப்பதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதில் 3: இராமநாதபுரம்

‘லவ்’ நிகழ்ச்சிக்காகப் பழைய பாடல்களை வெட்டி ஒட்டியது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பணியைச் செய்தவர்கள், பீட்டில்ஸின் பெரும்பாலான பாடல்களை அன்றே தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினும் அவருடைய மகன் ஜைல்ஸ் மார்ட்டினும். பீட்டில்ஸ் குழுவின் ஹாரிசன் எழுதிய ஒரு பாடலுக்கு மட்டும் தந்தி இசையைப் புதிதாகப் பதிவுசெய்து சேர்த்தார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. அந்த நிகழ்ச்சியில் இடம்பெற்ற பாடல்களுள் ஒன்று, 1843ஆம் ஆண்டு சர்க்கஸ் விளம்பரத்தாள் ஒன்றை அதே குழுவின் லெனன் பழம்பொருள் கடையில் வாங்கி, அதன் வாசகங்களிலிருந்தே எழுதியது. அந்தப் பாட்டுக்கு வித்தைக்காரர்கள் ஆடுவதைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும்?

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மேளக்காரர் ஆடுபவரைப் பார்த்து வாசிக்கும் முறை அங்கே எங்கும் இல்லையா?

பதில் 2: கீழக்கரை

உண்டு, அண்ணன். சர்க் து சொலே குழுவின் பெரும்பாலான நிகழ்ச்சிகளில் இசைக்குழு நேரடியாகவே வாசிக்கிறது. ஆடுபவர் தயாராகும்வரை இசைத்தலைவர் அதே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்வார். நம் கரைவலை இழுப்பில் அம்பா பாடுபவர் இழுப்பைப் பார்த்து அடியை நீட்டுவதைப் போன்றதுதான். லாஸ் வேகாஸில் 1993இல் தொடங்கிய ‘மிஸ்டேர்’ அவ்வகை. அடுத்த முறை மகளைப் பார்க்கச் செல்லும்போது அதற்குச் சீட்டு வாங்குங்கள்; ஆடுபவரைச் சிறிது விட்டு, வாத்தியக்காரர்களின் பார்வை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்.