கயிறு கட்டாவிட்டால் தனியாகத்தான் இருக்க வேண்டுமா?

நெல்லை_பிளஸ்ஒன்

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஊர், பள்ளி பெயர் சொல்லவில்லை. எங்கள் பையன்களும் இதைப் படிக்கலாம்.

எங்கள் பள்ளியில் ஒருவன் கையைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நிறக் கயிறு. பத்தாவது வரை பக்கத்து ஊரில் படித்தேன், அங்கே இது இந்த அளவுக்கு இல்லை. இந்த வருடம் எங்கள் தெருக் கோயில் கொடை முடிந்ததும் பிளஸ் டூ அண்ணன்கள் எல்லோருக்கும் கயிறு கொடுத்தார்கள். எனக்கும் வந்தது. வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன், கட்டவில்லை.

முதலில் சும்மாதான் கேட்டார்கள், "எங்கல கயிறு?" என்று. வீட்டில் இருக்கு என்றேன். இப்போது கேட்கிற விதமே மாறிவிட்டது. "நீ நம்ம பையன்தானா?" என்கிறார்கள். குரூப்பில் தலைவர் படம் போட்டால் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைக்கவேண்டும், நான் வைக்காததையும் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். பஸ்ஸில் எனக்கு இடம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். வாலிபாலில் சர்வீஸ் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள், இப்போது ஆள் குறைந்தால்கூடக் கூப்பிடுவதில்லை.

கயிறு மட்டும் என்றால் கட்டித் தொலைத்திருப்பேன். ஆறாவதிலிருந்து என்கூடப் படிக்கிறவன் ஒருவன், காலனிப் பையன். அவனும் என்னோடு இந்தப் பள்ளிக்குத்தான் வந்தான். ஒரே பெஞ்ச், மதியம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். எங்கள் இரண்டு அம்மாக்களும் பீடி சுற்றுகிறார்கள், இலையும் தூளும் வாங்க ஒரே கடைக்குப் போவார்கள். கயிறு கட்டினால் அவனோடு உட்காரக் கூடாது என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் கட்டினவன் ஒருத்தனும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "கட்டிக்கோல, எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவனே சொல்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. சித்தப்பாவிடம் சொன்னால் ஊரோடு ஒத்துப்போ என்கிறார். பள்ளியில் சொன்னால் யார் சொன்னது என்று சாயங்காலமே தெரிந்துவிடும். கட்டாமலும் இருக்கவேண்டும், தெருவைப் பகைக்காமலும் இருக்கவேண்டும். வழி இருந்தால் சொல்லுங்கள். "தைரியமாக இரு" என்று மட்டும் எழுதாதீர்கள், அது எனக்கே தெரியும்.

கருப்பட்டி

தம்பி, இரண்டு வருடம்தானே? கட்டிக்கொண்டு போ. மனதில் சாதி இல்லை என்றால் கையில் கிடப்பதால் என்ன வந்துவிடும்? பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூரோ சென்னையோ போனதும் கழற்றி எறிந்துவிடு. படிப்பு முக்கியம்.

வரலாற்று_ஆசிரியை

கருப்பட்டி, தம்பி மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் தெற்கு மாவட்ட அரசுப் பள்ளிகளில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் இதை மறுத்தே ஆகவேண்டும். மனதில் என்ன இருக்கிறது என்று கயிறு கட்டியவனிடம் யாரும் கேட்பதில்லை. கழிவறைப் பக்கம் இரண்டு பேர் முட்டிக்கொண்டால், அந்த நிறம் கட்டியவன் ஓடிவந்தாக வேண்டும். வராவிட்டால் துரோகி. வந்துவிட்டால் எதிர்ப்பக்கம் அவன் முகமும் பதிந்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கயிற்றை வைத்துத் தொடங்கிய சண்டையில் ஒரு மாணவன் செத்துப்போனான். அந்தப் பிள்ளைக்கும் படிப்பு முக்கியமாகத்தான் இருந்திருக்கும்.

தம்பி, இனி உனக்கு. பள்ளியில் சொல்ல நீ பயப்படுவது நியாயமான பயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவர் பள்ளியில் புகார் கொடுத்த பிறகு நடந்தது அது. அடுத்த ஆண்டு அந்த மாணவர் பொதுத்தேர்வில் 600க்கு 469 எடுத்தார். எங்கள் ஆசிரியர் அறையில் அந்தச் செய்தியைப் படித்து அழாதவர் இல்லை. ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, புகார் கொடுத்த பிள்ளையைக் காப்பாற்ற நாம் என்ன செய்தோம்? அதனால் வகுப்பில் எழுந்து நின்று சொல்லாதே. எழுதி மேசை மேல் வைக்காதே. உன் பள்ளியில் எந்தப் பக்கமும் சாயாத ஆசிரியர் ஒருவராவது இருப்பார், அவர் யாரென்று பிள்ளைகளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் தனியாகப் பேசு. பெயர் சொல்லி யாரையும் குற்றம்சாட்ட வேண்டாம். "ஒருத்தனை மட்டும் கேட்காமல் எல்லார் கையையும் பாருங்கள்" என்று சொன்னால் போதும். கயிறுகள் பற்றிப் பள்ளிக் கல்வித் துறை 2019இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் கூடாது, சாதி நிறம் அடித்த சைக்கிள் கூடாது, பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லோரையும் அகரவரிசையில் உட்காரவைத்துவிட்டால் நீ யாரோடு உட்காருகிறாய் என்று ஒருவரும் உன்னைக் கேட்க முடியாது. இதைச் செய்யச் சொல்லி நானே தலைமையாசிரியர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன், நடந்த இடத்தில் பலன் இருந்தது.

இன்னொன்று. 1951இல் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளமே உள்ளது எது என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் விடை தெரியும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள், வேண்டுமென்றே தப்பான விடை சொல்வார்கள். உண்மையாகச் சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். பிறகு ஆஷ் ஒன்றை மட்டும் மாற்றினார். கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்லவைத்தார். கூடச் சேர்ந்து தப்புச் சொல்வது அப்படியே சரிந்துவிட்டது. அதனால் முப்பது பேரை மாற்றவேண்டும் என்று நினைத்து மலைக்காதே. உன் தெருவிலேயே வேண்டாவெறுப்பாகக் கட்டியிருக்கிறவன் ஒருவன் இருப்பான், குளிக்கும்போது கழற்றிவிட்டு மறுபடி கட்ட மறக்கிறவன். அவனைக் கண்டுபிடி.

அடித்தாலோ மிரட்டினாலோ பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன. அம்மாவை உடன் வைத்துக்கொண்டு பேசு.

பழைய_ரைடர்

ஆசிரியை சொன்னதெல்லாம் சரி. நான் அந்தத் தெருவுக்குள் இருந்து சொல்கிறேன். தூத்துக்குடி மாவட்டம், இப்போது வேலை திருப்பூரில். கபடியில் நான்தான் ரைடர் என்பதால் எனக்குக் கயிறு கட்டிவிட அண்ணன்மார் ரொம்ப ஆசைப்பட்டார்கள்.

"கையில் அரிக்குது", "அம்மா திட்டுது" என்று காரணம் சொல்லாதே. நீ ஒரு காரணம் சொன்னால் அவர்கள் அதற்கு ஒரு வழி சொல்வார்கள். அரிக்குது என்றால் பருத்திக் கயிறு கொண்டுவருவார்கள். நான் சொன்னது, "கட்டல அண்ணே." ஏன் என்றால், "கட்டல, அவ்வளவுதான்." அதற்கு மேல் சாதி ஒழிப்புப் பேச்சு எதுவும் அவர்களிடம் பேசவில்லை. பேசியிருந்தால் பத்துப் பேர் முன்னால் விவாதம் ஆகியிருக்கும், தோற்றுப்போக யாருக்கும் மனசு வராது. தனியாக இருந்த பெரியவன் ஒருவனிடம் மட்டும், சாயங்காலம் கிரவுண்டில் உட்கார்ந்து, என் மனசில் இருந்ததைச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் மற்றவர்கள் என்னை நெருக்கும்போது "விடுங்கல அவன" என்றான். அது போதுமாக இருந்தது.

ஆனால் தம்பி, கயிறு வேண்டாம் என்றதோடு தெருவையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. எங்கள் தெருவில் ஒரு கேதம் விழுந்தால் பந்தலுக்குக் கம்பு தூக்க முதல் ஆளாக நான் நிற்பேன். கொடைக்குத் தண்ணீர் இறைப்பேன். ரேஷன் கடை வரிசையில் பாட்டிமார் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன். "இவன் நம்ம ஆளே இல்ல" என்று ஒருத்தன் ஆரம்பித்தபோது அவன் வீட்டு ஆச்சியே, "எவம்ல சொன்னது, என் புருசன் செத்தன்னைக்கு ராத்திரி பூரா முழிச்சிருந்தவன் அவன்தான்" என்று சத்தம் போட்டது. ஆச்சி பேசிய பிறகு யாரால் என்ன சொல்ல முடியும்? மறுக்கவேண்டியது அந்த ஒரு நூலை. மனிதர்களை எதற்கு மறுக்கவேண்டும்?

இழப்பே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். டீமிலிருந்து எடுத்தார்கள், மண்டலப் போட்டிக்கு நான் போகவில்லை. ரொம்ப நெருக்கமாக இருந்த ஒருவன் அன்றோடு பேச்சை நிறுத்தியவன், இன்றுவரை பேசவில்லை. அவன் கல்யாணப் பத்திரிகைகூட வீட்டுக்கு வரவில்லை. மற்றவர்கள் மெல்ல மெல்லச் சரியானார்கள்.

காலனி_வீட்டுப்பிள்ளை

நான் உன் நண்பனின் இடத்தில் இருந்து படித்தவன். அதனால் யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

"கட்டிக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல" என்று நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது உள்ளே என்ன ஓடும் தெரியுமா? இவன் கட்டினால் இவனை இழப்பேன். கட்டாவிட்டால் "அந்தப் பயதான் நம்ம பையனக் கெடுக்கான்" என்று அடி முதலில் எனக்கு விழும். இரண்டு பயமும் சேர்ந்து வந்த பேச்சு அது. நீ கட்டாமல் இருந்தால் உன்னைத் திட்டுவார்கள், இடம் போட மாட்டார்கள். அவனுக்கு நடக்கக்கூடியது அதைவிடப் பெரிது, நாங்குநேரியில் பார்த்தோம். நீ நல்லவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அவனுக்காக நீயே முடிவெடுக்காதே.

அவனிடம் உட்கார்ந்து கேள். எங்கே சேர்ந்து சாப்பிடலாம், பஸ்ஸில் சேர்ந்து வரலாமா, யாராவது கேட்டால் என்ன சொல்வது? கொஞ்ச நாளைக்குச் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில், ஆசிரியர் நடமாட்டம் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காரலாம். "நான் கட்டாததற்கு அவன் காரணமில்லை" என்பது உன் தெருப் பையன்களுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். ரைடர் அண்ணன் சொன்ன "கட்டல, அவ்வளவுதான்" அதற்கும் உதவும், அதில் அவன் பெயரே வராது. நட்பைச் சொல்லி மறுக்காதே.

எனக்கு அப்படி ஒரு நண்பன் இருந்தான். அவன் கட்டினான். அவனைக் குறை சொல்லவில்லை, ஆனால் பிளஸ் டூ முழுவதும் மதியச் சாப்பாட்டை நான் லைப்ரரி வாசலில் தனியாகத்தான் சாப்பிட்டேன். உன்னைப் போல ஒருவன் இங்கே வந்து கேட்கிறான் என்பதே எனக்குப் பெரிதாக இருக்கிறது.

கருப்பட்டி

இதையெல்லாம் படித்த பிறகு கட்டிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தம்பி, ராத்திரி தனியாக எங்கும் போகாதே. அப்பா ஊரில் இருக்கிற நாளாகப் பார்த்து அவரிடமும் சொல்லிவிடு. அப்பாவுக்குத் தெரியாமல் இது நடக்கக் கூடாது.

நெல்லை_பிளஸ்ஒன்

எல்லோருக்கும் நன்றி. காலனி வீட்டு அண்ணன் எழுதியதை அவனிடம் காட்டினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பஸ் வேண்டாம், சாப்பாடு மட்டும் சேர்ந்து" என்றான். இத்தனை நாள் எல்லாவற்றையும் நானே யோசித்துக்கொண்டிருந்தேன், அவனைக் கேட்கவே தோன்றவில்லை.

வேதியியல் சாரிடம் பேசலாம் என்று இருக்கிறேன், அவர் யார் கையையும் பார்த்துப் பேசுகிறவர் இல்லை. கட்டுவதில்லை என்பது முடிவு. அப்பா சனிக்கிழமை வருகிறார், சொல்லிவிடுவேன்.

ஒரு சந்தேகம். அந்த வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறிவிடவா, இருக்கவா?

பழைய_ரைடர்

இரு. வெளியேறினால் எல்லோர் திரையிலும் உன் பெயர் வரும், அதுவே ஒரு சண்டைக்கு அழைப்பு ஆகிவிடும். சத்தத்தை நிறுத்திவை. எதையும் பார்வர்ட் பண்ணாதே, தம்ஸ் அப்கூடப் போடாதே. மற்ற சாதியைத் திட்டி வருகிற எதற்கும் பதில் எழுதாதே. உன்னையோ அவனையோ மிரட்டி ஏதாவது வந்தால் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மா போனுக்கு அனுப்பிவை.

வரலாற்று_ஆசிரியை

ஆமாம், அதோடு சாரிடம் பேசும்போது அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டு. ஆனால் உன் போனிலிருந்து அவருக்கு அனுப்பாதே. பேசிவிட்டு என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுது, அவர் தயங்கினால் அடுத்து யாரிடம் போவது என்று நான் சொல்கிறேன்.