46 வயசு, டெஸ்டோஸ்டிரோன் 268, ஊசி ஆரம்பிக்கலாமா?

சோர்ந்த_சிங்கம்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 46. கொஞ்ச நாளாவே உடம்பு ஒரு மாதிரியா இருக்கு, மத்தியானம் ஆனா கண்ணு சொக்குது, தொப்பை ஏறிக்கிட்டே போகுது, ஜிம்முல சாதாரணமா தூக்கிட்டிருந்த வெயிட்ட இப்ப தூக்க முடியல, அந்த விஷயத்துலயும் முன்ன மாதிரி நாட்டம் இல்ல. வீடியோவா பாத்து பாத்து நானே போய் டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் எடுத்தேன், டோட்டல் 268னு வந்துச்சு, கீழ்வரம்பு 300னு போட்டு சிவப்புல காட்டிட்டாங்க. ஒரு ஆன்லைன் கிளினிக்ல காட்டினேன், ரிப்போர்ட்ட பாத்த உடனே வாராவாரம் ஊசி போடுங்க, பத்து வயசு குறைஞ்சிடும்னு சொல்லிட்டாங்க. ரத்தம் குடுத்தது வேலை முடிஞ்சு சாயங்காலம், அதுல ஏதும் பிரச்சனை இருக்கா? லேட் கல்யாணம், ஒரு பொண்ணு இருக்கா, இன்னொண்ணு பெத்துக்கலாமான்னு வீட்டுல பேச்சு ஓடுது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நினைக்கிறேன். போட்டுக்கிட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

லேப்_வாசி:
சாயங்காலம் எடுத்த 268 ஒரு கணக்கே இல்ல ப்ரோ. டெஸ்டோஸ்டிரோன் விடியக்காலைல உச்சத்துல இருக்கும், பொழுது போகப் போக இறங்கும், சாப்பிட்டா இன்னும் கொஞ்சம் இறங்கும். அதனாலதான் காலைல 10 மணிக்குள்ள, வெறும் வயித்துல, வேற வேற நாள்ல ரெண்டு தடவை எடுத்து ரெண்டுமே கம்மியா இருந்தாத்தான் குறைபாடுன்னு பேசவே ஆரம்பிப்பாங்க. காய்ச்சல் வந்து எழுந்த கையோட எடுத்தாலும் கம்மியாத்தான் காட்டும்.

அந்த 300ங்கறதும் கல்லுல செதுக்கினது இல்ல. அமெரிக்க யூராலஜி சங்கம் 300ங்குது, ஹார்மோன் டாக்டர்ங்களோட எண்டோகிரைன் சொசைட்டி 264ங்குது. அதாவது உங்க 268 ஒரு கணக்குல ஃபெயில், இன்னொரு கணக்குல பாஸ்.

தொப்பைன்னு சொன்னீங்கல்ல, அது முக்கியம். ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன புடிச்சு வச்சிருக்குற எஸ்ஹெச்பிஜின்னு ஒரு புரதம் இருக்கு, எடை கூடினா அது குறையும், அது குறைஞ்சா டோட்டலும் குறைவா தெரியும், ஆனா உடம்பு உண்மையில பயன்படுத்துற ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் நார்மலா இருக்கலாம். அதனால எஸ்ஹெச்பிஜியும் சேத்து எடுங்க. கூடவே எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் (விதைய வேலை செய்யச் சொல்லி மூளைப் பக்கமிருந்து வர்ற ஹார்மோனுங்க), ப்ரோலாக்டின்ங்கற இன்னொரு ஹார்மோன். எல்ஹெச் எகிறி இருந்தா கோளாறு விதையில, கம்மியா இருந்தா மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி பக்கம்னு அர்த்தம். இத பாக்காமயே ஊசி எழுதுற இடத்த விட்டு ஓடிடுங்க.

முடிக்கு பயோட்டின் மாத்திரை எடுக்குறீங்கன்னா டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்துங்க, சில மெஷின்ல ரிசல்ட்ட கன்னாபின்னான்னு மாத்தி விட்டுரும்.

அமைதி_அண்ணாச்சி:
நான் போட்டுக்கிறவன். பிட்யூட்டரில கட்டி இருந்து ஆபரேஷன் பண்ணினவன், எனக்கு வேற வழி கிடையாது, அதனால என் அனுபவத்த அப்படியே உங்களுக்கு பொருத்திப் பாக்காதீங்க தம்பி. மொதல்ல ஜெல் குடுத்தாங்க, அப்புறம் ஊசிக்கு மாறிட்டேன், ஏன்னா ஜெல் தோள்ல தடவுற சமாச்சாரம், சின்னப் புள்ளைங்க மேல ஒட்டிக்கிட்டா அதுங்க உடம்புல வயசுக்கு முந்தின மாற்றம் வந்துரும், வீட்டுல பேரன் இருக்கான். நாட்டம் திரும்பி வந்துச்சு, மறைக்கல. ஆனா சோர்வு பாதிதான் போச்சு, மீதி வயசு போல.

பலன விட இதோட பராமரிப்புதான் வேலை. ரத்தம் கெட்டியாகுதான்னு ஹெமட்டோகிரிட் (ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கற கணக்கு) பாக்கணும், 54 சதவீதத்த தாண்டினா டோஸ நிறுத்துவாங்க இல்ல குறைப்பாங்க. பிராஸ்டேட் சுரப்பிக்கு பிஎஸ்ஏங்கற ரத்த டெஸ்ட் பாக்கணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டாவது குழந்தைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுதியிருக்கீங்களே, எல்லாத்தையும் விட பெரிய சம்பந்தமே அதுதான்! வெளிய இருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ள போனா மூளை சரக்கு போதும்னு நினைச்சு எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் அனுப்புறத நிறுத்திரும், அது நின்னா விதை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துரும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசிய ஆண்களுக்கான கருத்தடையாவே சோதிச்சு பாத்திருக்கு, பாதிக்கும் மேல ஆளுங்களுக்கு எண்ணிக்கை சுத்தமா ஜீரோவுக்கு போச்சு. அந்த கிளினிக் ஆளு இத கேக்கவே இல்லையா? நிறுத்தினா பெரும்பாலும் திரும்பி வரும், ஆனா மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் இழுக்கும், பழைய அளவுக்கே வரும்னு யாரும் கையெழுத்து போட்டுத் தர மாட்டாங்க. உங்க 46ல அந்த ரிஸ்க் தேவையான்னு வீட்டம்மாவையும் உக்கார வச்சு பேசுங்க. குழந்தை வேணும்ங்கறவங்களுக்கு க்ளோமிஃபீன், ஹெச்சிஜி மாதிரி வேற மருந்து இருக்கு, டாக்டர் பாத்து குடுக்கணும்.

இரும்பு_மாமா:
எதுக்கு இப்படி பயமுறுத்துறீங்க? 2023ல ட்ராவர்ஸ் ஆய்வு வந்தாச்சு, இதய நோய் இருக்குறவங்க, வர வாய்ப்பு அதிகமா இருக்குறவங்கன்னு 5,200 பேருக்கு மேல வச்சு டெஸ்டோஸ்டிரோன் குடுத்து பாத்து, ஹார்ட் அட்டாக், பக்கவாதம் கூடலன்னு நிரூபிச்சுட்டாங்க. ஆஸ்திரேலியாவுல வயிறு பெருத்த ஆயிரம் பேருக்கு ரெண்டு வருஷம் ஊசி போட்டு பாத்ததுல சர்க்கரை வியாதி வந்தவங்க 12 சதவீதம்தான், டம்மி ஊசி போட்டவங்கள்ல 21. நானும் போடுறேன், நல்லாத்தான் இருக்கேன். வயசான காலத்துல தெம்பா இருக்கணும்னா இதுதான் வழி.

வரிக்கு_வரி:
மாமா, நீங்க சொன்ன ரெண்டும் நிஜம்தான், ஆனா அதே பேப்பர்ல அடுத்த பக்கத்தையும் படிக்கணும். ட்ராவர்ஸ்லயே இதயத்துடிப்பு தாறுமாறா ஓடுற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் நுரையீரல்ல ரத்தக்கட்டியும் டம்மி போட்டவங்கள விட டெஸ்டோஸ்டிரோன் போட்ட குரூப்ல அதிகம், அதுல குடுத்தது ஊசி இல்ல, ஜெல். எலும்பு பலமாகும்னுதான் எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க, 2024ல வந்த அதோட துணை ஆய்வுல எலும்பு முறிவு கூடுதலாத்தான் இருந்துச்சு, எனக்கே படிச்சப்ப ஆச்சரியம். ஆஸ்திரேலிய ஆய்வுல ரெண்டு குரூப்புக்குமே எடை குறைக்குற திட்டமும் சேத்துதான் குடுத்தாங்க, ஊசி போட்டவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு அண்ணாச்சி சொன்ன அந்த 54 தாண்டிருச்சு. முக்கியமா ட்ராவர்ஸ்ல சேந்தவங்க எல்லாருமே ரெண்டு தடவை 300க்கு கீழ வந்து, அறிகுறியும் இருந்தவங்க. சும்மா வயசாயிருச்சுன்னு போட்டுக்கறவங்களுக்கு அது சர்டிஃபிகேட் ஆகாது.

சிங்கம் சார், உங்க முதல் புகார் சோர்வு. 2016ல 65 வயசு தாண்டினவங்கள வச்சு வெளியான ஆய்வுல ஆசையும் உறவும் ஓரளவு முன்னேறுச்சு, தெம்புங்கற கணக்குல பெருசா ஒண்ணும் தேறல, அதே ஆய்வோட 2017 முடிவுல ஞாபக சக்தியும் மாறல. ஐரோப்பாவுல 40லேந்து 79 வரைக்கும் உள்ளவங்கள பாத்தப்போ குறைபாட்டோட நெருக்கமா ஒட்டிவந்த அறிகுறி மூணே மூணு, நாட்டம் குறையறது, காலைல விறைப்பு வராதது, உறவுல விறைப்பு நிக்காதது. வெறும் அசதிக்கு ஆயிரம் காரணம் இருக்கும், தைராய்டு, ரத்தசோகை, மன அழுத்தம், சர்க்கரை.

ஒண்ணு கேக்கறேன், நீங்க குறட்டை விடுவீங்களா?

சோர்ந்த_சிங்கம்:
குறட்டையா, வீட்டுல தனி ரூமுக்கே போயிட்டாங்க. நடுராத்திரி மூச்சு நின்னு திரும்ப வருதுன்னு வேற சொல்றா. காலைல எழுந்தா தலைவலி. இத யாரும் கேக்கல இதுவரைக்கும்.

வரிக்கு_வரி:
அப்ப மொதல்ல தூக்கத்துக்குத்தான் டெஸ்ட் எடுக்கணும் சார், ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற கோளாறு மாதிரி இருக்கு. தூக்கம் கெட்டாலே டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், இளவட்டப் பசங்கள ஒரு வாரம் அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்க விட்டதுலயே 10-15 சதவீதம் குறைஞ்சுது. அப்னியாவ சரி பண்ணாம ஊசி போட்டா அது இன்னும் மோசமாகவும் வாய்ப்பிருக்கு. தொப்பைக் கொழுப்பு வேற டெஸ்டோஸ்டிரோன ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கிட்டே இருக்கும், எடை நல்லா குறைஞ்சா நம்பர் தானா ஏறும்.

இரும்பு_மாமா:
சரிப்பா, குறட்டை மேட்டர் எனக்குத் தெரியாது, அத மொதல்ல பாக்கட்டும். ஆனா காலைல எடுத்தும் ரெண்டு தடவை கம்மியாவே வந்தா அப்பவும் தள்ளிப்போடாதீங்க, அதையும் எழுதுங்க.

லேப்_வாசி:
அதுல எனக்கும் மாத்துக்கருத்து இல்ல.

சோர்ந்த_சிங்கம்:
சரி, ஊசி இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடறேன். தூக்க டெஸ்டுக்கு கேட்டிருக்கேன். காலை ரத்தம் அடுத்த வாரம் குடுக்கறேன், விந்து டெஸ்டும் இப்பவே ஒண்ணு எடுத்து வச்சிடலாமா அண்ணாச்சி?

அமைதி_அண்ணாச்சி:
எடுங்க தம்பி, ரெண்டுலேந்து ஏழு நாள் இடைவெளி விட்டு குடுக்கணும், அத லேப்ல சொல்லுவாங்க. வீட்டம்மா வயசையும் டாக்டர்ட்ட சொல்லுங்க, அத வச்சுத்தான் எவ்வளவு அவசரம்னு முடிவு பண்ணுவாங்க.